ஏப்ரலில் அனுப்பி ஜூனில் அழைத்த காலம்

அருப்புக்கோட்டைக்குக் கல்லூரி வந்தது 1970இல். அதே ஆண்டில் இரண்டு கல்லூரிகள்: தேவாங்கர் கலைக் கல்லூரியும் சைவபானு சத்திரியக் கல்லூரியும். அதற்கு முன்னால் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பையனுக்கு மேலே படிக்க ஆசை வந்தால், 1947இல் தொடங்கிய விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரிக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்து மானாவாரி வீடுகளுக்கு அதுவும் எட்டாது. பருத்தியும் மிளகாயும் கைகொடுத்த வருஷம் ஃபீஸ் கட்டுவார்கள், மழை ஏமாற்றிய வருஷம் பையன் ஊரோடு நின்றுவிடுவான். அதனால் உள்ளூரில் கல்லூரி வந்தது இந்தக் கரிசல் சீமைக்குப் பெரிய காரியம்.

கல்லூரி கட்டியவர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. படித்து முன்னேறியவர்களுக்குப் பழைய மாணவர் சங்கம் இருக்கிறது. எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்த கையோடு இந்த மாதிரிக் கல்லூரிகளில் வகுப்பெடுக்க வந்த இருபத்தைந்து வயது இளைஞர்களின் கதையை யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் வேலை எப்படி நிலைத்தது, நிலைக்கும் வரை என்ன பாடுபட்டார்கள் என்பதைத்தான் இந்தத் தடவை எழுதலாம் என்று நினைக்கிறேன்.

நான் ஆசிரியன் அல்ல. 1972இல் தென்மாவட்டத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை. மேலே சொன்ன மூன்றில் எதுவும் அல்ல. நியமன ஆணை, விடுவிப்பு ஆணை, பணிப்பதிவேடு எல்லாம் என் கை வழியாகப் போனவை.

கைப்பிடி அரிசியில் வந்த கல்வி

முதலில் நிர்வாகத்தின் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பள்ளிகளும் கல்லூரிகளும் பெரும்பாலும் சமுதாயங்களின் பணத்தில் எழுந்தவை. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு வீடு வீடாகப் பிடி அரிசி சேர்த்ததை நம் வயதுக்காரர்கள் அறிவார்கள். சமைக்க உலையில் போடும் முன் ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைப்பது வழக்கம். வியாபாரத்தில் மகமை பிடித்துச் சேர்த்த பணமும் கல்விக்குப் போனது. சர்க்கார் கொடுக்காத காலத்தில் ஊர் கொடுத்தது.

அப்படிக் கொடுத்தவர்கள் கல்லூரியைத் தங்கள் வீடாக நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. செக்ரட்டரி பெரும்பாலும் கடை, மில், கமிஷன் மண்டி நடத்தியவர். அவருக்குக் கடைக் கணக்குப்பிள்ளை எப்படியோ அப்படித்தான் காலேஜ் வாத்தியாரும். ஒழுங்காக வேலை செய்தால் தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுப்பார், வீட்டில் கல்யாணம் என்றால் முன்னால் வந்து நிற்பார். பிடிக்காமல் போனால் நாளையிலிருந்து வர வேண்டாம். இதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றாது. சிக்கல் ஆரம்பித்தது அங்கேதான்.

பத்து மாதச் சம்பளம்

புதிதாக வந்த விரிவுரையாளரின் முதல் சில ஆண்டுகள் எப்படி இருக்கும்? ஜூனில் அல்லது ஜூலையில் ஆணை கொடுப்பார்கள். அதில் 'தற்காலிகமாக', 'கல்வியாண்டு முடியும் வரை' என்ற இரண்டு சொற்றொடரும் தவறாமல் இருக்கும். ஏப்ரல் கடைசி வேலை நாளில் விடுவிப்பு ஆணை. கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. கல்லூரி திறக்கும்போது மறுபடி ஆணை, மறுபடி அதே அடிப்படைச் சம்பளம். மூன்று ஆண்டு வேலை பார்த்தவருக்கும் காகிதத்தில் ஓராண்டு சர்வீஸ்கூடத் தொடர்ச்சியாக இருக்காது. சில நிர்வாகங்களில் கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கையில் வாங்கும் தொகை வேறொன்று.

இதன் வலி வீட்டில்தான் தெரியும். பெண் பார்க்கப் போன இடத்தில் முதல் கேள்வியே, "மாப்பிள்ளை பெர்மனென்ட்டா, டெம்ப்ரவரியா?" என்பதுதான். எம்.ஏ.யில் முதல் வகுப்பு என்று சொன்னால், "அது சரிங்க, வேலை பெர்மனென்ட்டா?" என்று திரும்பக் கேட்பார்கள். கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் கிடையாது. மளிகைக் கடையில் மே மாதப் பற்று எழுத யோசிப்பார்கள். கோடையில் சொந்த ஊருக்குப் போய் அப்பாவோடு காட்டு வேலை பார்த்துவிட்டு, ஜூன் பிறந்ததும் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த எம்.எஸ்ஸி.க்காரர்கள் பலரை எனக்குத் தெரியும்.

நான் டைப் அடித்த ஒரு தாள்

1974 என்று நினைவு. வணிகவியல் துறையில் மூன்றாவது ஆண்டாக வேலை பார்த்த ஒருவர் இருந்தார். அவர் வகுப்பில் ஒரு மாணவனுக்கு வருகைப் பதிவு குறைந்தது. பையன் நிர்வாகக் குழுவில் இருந்த ஒருவருக்கு உறவு. பதிவேட்டைக் கொஞ்சம் 'சரி செய்து' கொடுக்கும்படி சொல்லி அனுப்பினார்கள். "வராத நாளுக்கு வந்ததா எப்படி சார் போடுறது?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். யாரும் அவரைக் கடிந்து பேசவில்லை.

ஏப்ரலில் தற்காலிகக்காரர்கள் எல்லாருக்கும் வழக்கம்போல் ஒரே வாசகத்தில் ஆணை: "இக்கல்வியாண்டின் இறுதி வேலை நாளுடன் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்." கார்பன் வைத்து மூன்று பிரதி அடித்தேன். ஜூனில் மற்றவர்களுக்கெல்லாம் அழைப்புக் கார்டு போனது. செக்ரட்டரி திருத்திக் கொடுத்த பட்டியலில் இவர் பெயர் இல்லை. கல்லூரி திறந்த அன்று ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். "சார், எனக்குக் கார்டு வரலையே, தபால்ல தவறியிருக்குமோ?" என்று கேட்டார். ஹெட் கிளார்க், "செக்ரட்டரி ஐயாவை ஒரு எட்டுப் பார்த்துட்டு வாங்க சார்" என்றார். பார்த்தார். அங்கே காபி கொடுத்து, "இந்த வருஷம் வேகன்ஸி இல்லையே தம்பி" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இதில் குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, தண்டனையும் இல்லை. ஒரு தபால் கார்டு போடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்து முறையின் முழு பலமும் அந்தப் போடாத கார்டில்தான் இருந்தது. மற்ற தற்காலிகக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு வருகைப் பதிவில் அவ்வளவாகக் குறைபாடு வரவில்லை.

மில் தொழிலாளிக்கு இருந்தது, விரிவுரையாளருக்கு இல்லை

அருப்புக்கோட்டைப் பஞ்சாலையில் வேலை பார்த்த தொழிலாளியை அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட முடியாது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் அவருக்கு இருந்தது. தொழிற்சங்கம் இருந்தது, லேபர் கோர்ட்டு இருந்தது. அந்தத் தொழிலாளியின் மகனுக்குக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்த எம்.ஏ. பட்டதாரிக்கு இவை எதுவும் இல்லை. ஆசிரியர் அந்தச் சட்டத்தின்படி 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கோவாவில் பள்ளி ஆசிரியையாக இருந்த சுந்தராம்பாள் தொடுத்த வழக்கு அது.

சிவில் கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், அங்கேயும் முட்டுச்சந்து. உத்தரப் பிரதேசத்தில் ஷாம்லி என்ற ஊரின் வைஷ் டிகிரி கல்லூரி வழக்கு எழுபதுகளின் நடுவில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தனியார் கமிட்டி நடத்தும் கல்லூரிக்கும் அதில் வேலை பார்ப்பவருக்கும் உள்ளது சாதாரணச் சேவை ஒப்பந்தம்தான், அதை வற்புறுத்தி ஆளை மறுபடி நாற்காலியில் உட்கார வைக்கக் கோர்ட்டு பொதுவாக உத்தரவிடாது என்பது அதன் சாரம். நஷ்டஈடு கேட்கலாம், வேலையைக் கேட்க முடியாது. ஆக, தனிச் சட்டம் ஒன்று இல்லாமல் கதி இல்லை.

1976: பத்தொன்பதாம் சட்டம்

அந்தச் சட்டம் 1976இல் வந்தது. தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குபடுத்தும்) சட்டம், அந்த ஆண்டின் 19ஆம் சட்டம். நாட்டில் நெருக்கடி நிலை நடந்த காலம். ஜனவரி 31ஆம் தேதி மாநில ஆட்சியும் கலைக்கப்பட்டிருந்தது. பேச்சுரிமைக்கே பூட்டுப் போட்ட ஒரு காலத்தில் கல்லூரி ஆசிரியருக்கு ஒரு பாதுகாப்புக் கிடைத்தது விசித்திரம்தான். ஆனால் அது வானத்திலிருந்து விழவில்லை. ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்த ஒன்று. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றிய பிறகு இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் மூட்டா என்ற மதுரைப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் வேர் பிடித்தது. ஆரம்பத்தில் சந்தா ரசீதை வீட்டுக்குக் கொண்டு போகாமல் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்தவர்கள் உண்டு. பணிப் பாதுகாப்பு, சம்பளத்தை நிர்வாகத்தின் கை வழியாக இல்லாமல் நேரடியாகத் தருவது: இவை இரண்டும் அவர்கள் ஓயாமல் கேட்டவை.

சட்டத்தில் என்ன இருந்தது? எளிமையாகச் சொல்கிறேன். கல்லூரியை நடத்தக் கல்லூரிக் குழு என்று ஒன்று வேண்டும். ஆசிரியரை டிஸ்மிஸ் செய்வதோ, நீக்குவதோ, பதவி இறக்குவதோ, வேறு எந்த வகையிலும் வேலையை முடிப்பதோ கல்வித் துறை அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கூடாது. சஸ்பெண்ட் செய்தால் அதற்குக் கால வரம்பு உண்டு. பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம், தீர்ப்பாயம் உண்டு. 'வேறு எந்த வகையிலும்' என்ற சொற்களை எங்கள் அலுவலகத்தில் எத்தனை தடவை படித்தோம் என்று கணக்கில்லை. போடாத கார்டு அந்த மூன்று சொல்லுக்குள்தான் மாட்டிக்கொண்டது.

சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரிகளுக்கு அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு தரும் உரிமை உண்டு. அங்கே இந்தச் சட்டம் எதுவரை செல்லும் என்பது நெடுங்காலம் வழக்காக நடந்தது. அது தனிக் கதை.

சட்டத்தோடு சம்பளமும் மாறியது. 1973 ஜனவரி முதல் கணக்கிட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விரிவுரையாளருக்கு 700-1600 என்ற விகிதத்தை வகுத்திருந்தது. அது நம் கல்லூரிகள் வரை வந்து சேர்ந்தபோது வாத்தியார் வேலைக்கு ஊரில் மதிப்பே வேறாகிவிட்டது. பெண் வீட்டார் தேடி வர ஆரம்பித்தார்கள்.

வேலை நிலைப்பதற்கும் ஒரு பாதை உருவானது. விளம்பரம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியல், நேர்காணல், தகுதிக்குப் பல்கலைக்கழக ஒப்புதல், பணியிடத்துக்கு மதுரையிலிருந்த கல்லூரிக் கல்வி மண்டல அலுவலகத்தின் ஒப்புதல், பிறகு தகுதிகாண் பருவம், அது திருப்திகரமாக முடிந்ததாக ஆணை. அந்தக் கடைசி ஆணையைப் பணிப்பதிவேட்டில் பதிந்து முதல்வர் கையெழுத்து வாங்கும் நாளில், ஆபீசுக்கு ஒரு பொட்டலம் காராச்சேவும் மிக்சரும் வரும். அன்றுதான் ஓர் ஆள் கல்லூரி ஆசிரியர் ஆனார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் டைப் அடிக்காத ஒரு தாள்

1982 வாக்கில் மறுபடி அதே மாதிரி ஒரு சங்கதி. இந்தத் தடவை இயற்பியல் துறை. தகுதிகாண் பருவம் முடித்தவர். வேண்டப்பட்ட பையன், குறைந்த வருகை, திருத்த மறுத்த ஆசிரியர். செக்ரட்டரி எங்கள் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு ஒரு கடிதம் தயார் பண்ணச் சொன்னார். கண்காணிப்பாளர், "ஐயா, மதுரை ஆபீஸ்ல முன் அனுமதி வாங்கணும். காரணம் என்னன்னு கேப்பாங்க" என்றார்.

செக்ரட்டரி கொஞ்ச நேரம் பேசவில்லை. என்ன காரணம் எழுதுவது? பதிவேட்டை உள்ளபடி வைத்திருந்தார் என்றா? "சரி, அப்புறம் பார்ப்போம்" என்றார். அந்த 'அப்புறம்' வரவேயில்லை. அந்த ஆசிரியர் அதற்குப் பிறகு இருபது ஆண்டுக்கு மேல் அதே துறையில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றார். தன் பெயருக்கு ஒரு தாள் டைப்ரைட்டரில் ஏற இருந்தது என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. சட்டம் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்தது. தீர்ப்பாயம் வரை போனவர்கள் சிலர். கடிதமே எழுதப்படாமல் தப்பியவர்கள் அதைவிடப் பலர்.

வரத்து இல்லாத ஆண்டு

ஆனால் சட்டத்தால் தடுக்க முடியாத ஒரு வறட்சியும் வந்தது. 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. கல்லூரியில் இருந்த பி.யு.சி. பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. அது போனால் என்ன என்று இன்று தோன்றும். அன்று தமிழ், ஆங்கிலம், கணிதத் துறைகளின் பாட நேரத்தில் பெரும் பங்கு பி.யு.சி. வகுப்புகள்தான். ஓர் ஆசிரியருக்கு வாரம் இத்தனை மணி நேரம் என்று கணக்குக் காட்டினால்தான் பணியிடம் நிற்கும்.

இன்னொன்றும் நடந்தது. கடைசி பி.யு.சி. அணி 1978இல் பட்ட வகுப்புக்குள் வந்தது. முதல் பிளஸ் டூ அணி வெளியே வந்தது 1980இல். இடையில் 1979 ஜூனில் முதலாண்டு வகுப்புக்கு வழக்கமான வரத்து இல்லை. கண்மாய்க்கு வரத்துக்கால் அடைத்த மாதிரி. அந்த இடைவெளி மூன்று ஆண்டுகளுக்கு ஒவ்வொரு வகுப்பாக மேலே நகர்ந்தது. 1979இல் முதலாண்டு காலி, 1980இல் இரண்டாம் ஆண்டு, 1981இல் மூன்றாம் ஆண்டு. கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது எங்கும் உள்ள வழக்கம். அதனால் எழுபதுகளின் கடைசியில் சேர்ந்த இளையவர்கள் மூத்தோர் பட்டியலில் தங்கள் பெயர் எங்கே நிற்கிறது என்று வாரம் ஒரு தடவை ஆபீசில் வந்து பார்ப்பார்கள். சிலர் புதிதாகத் திறந்த மேல்நிலைப் பள்ளிகளுக்கு முதுகலை ஆசிரியராகப் போனார்கள். எட்டுமணிக் காற்று வாங்கும் கல்லூரி வேலையை விட்டுப் பள்ளிக்கூட மணிக்குப் போகிறோமே என்ற வருத்தம் சிலருக்கு இருந்தது. இன்று கணக்குப் பார்த்தால் அவர்கள் கெட்டுப் போகவில்லை.

நிலைத்த வேலை எதற்காக?

நியாயமாக ஒரு கேள்வி வரும். மற்ற வேலைக்கு இல்லாத காப்பு வாத்தியாருக்கு மட்டும் ஏன்?

அமெரிக்காவில் இதற்கு டென்யூர் என்று பெயர். 1900இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியரின் கருத்துகள், நிறுவனரின் மனைவியான ஜேன் ஸ்டான்ஃபோர்டு அம்மையாருக்குப் பிடிக்கவில்லை. ராஸ் வெளியேற நேர்ந்தது. பணம் போட்டுக் கட்டியவர் ஒரு பக்கம், பாடம் சொல்பவர் ஒரு பக்கம். நம் ஊர்க் கதைதான். 1915இல் ஜான் டூயி போன்றவர்கள் சேர்ந்து பேராசிரியர் சங்கம் அமைத்தார்கள். சோதனைக் காலம் ஏழு ஆண்டைத் தாண்டக் கூடாது, அதற்குப் பின் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது என்ற கொள்கை 1940இல் உறுதிப்பட்டது. அங்கே அந்த ஏழு ஆண்டுக்குள் ஆராய்ச்சி செய்து காட்ட வேண்டும். காட்டாதவர் வெளியே. நம்மிடம் தகுதிகாண் பருவம் பெரும்பாலும் ஃபைல் சமாசாரமாகவே இருந்தது.

அதன் பலனையும் பார்த்தோம். வேலை நிலைத்ததும் புத்தகத்தை மூடியவர்கள் இருந்தார்கள். முதல் ஆண்டில் எழுதிய நோட்ஸ் மஞ்சளாகிப் பொடியும் வரை அதையே வாசித்தவர்கள், சீட்டுப் பிடித்தவர்கள், பிளாட் வியாபாரம் பார்த்தவர்கள். காப்பு அவர்களுக்கும் சேர்த்துத்தான். பிறகு எம்.ஃபில்., பி.எச்டி. முடித்தால் பதவி உயர்வு, 1989இல் தொடங்கிய நெட் தேர்வு என்று ஏதேதோ வந்தன. கொஞ்சம் மாறியது.

ஆனாலும் நான் காப்பின் பக்கம்தான். காரணம் நம் உ.வே.சா. 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் நேரத்தில், அவர் சிபாரிசில் கும்பகோணம் கல்லூரியில் 50 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில்தான் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார், சிந்தாமணியின் பெயர் அவர் காதில் விழுந்தது. 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். அங்கேயும் ஏழு ஆண்டு! வருஷா வருஷம் ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பி, ஜூனில் கார்டு வருமா என்று ஏங்க வைத்திருந்தால், அவர் ஓலைச் சுவடியைத் தேடி ஊர் ஊராகப் போயிருப்பாரா, மளிகைக் கடைக்காரருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பாரா? அடுத்த மாதம் அரிசி உண்டு என்ற நிச்சயம் இருந்தால்தான் பத்து ஆண்டு பிடிக்கிற வேலையை மனிதன் தொடுவான். வருகைப் பதிவேட்டை உள்ளபடி எழுதவும் அந்த நிச்சயம் வேண்டும்.

மறுபடியும் ஏப்ரல்

1976இன் சட்டம் இன்னும் இருக்கிறது. 700-1600 என்பது 1986இல் 2200-4000 ஆகி, 1996இல் 8000-13500 ஆகி, இன்று ஒரு குடும்பம் கௌரவமாக வாழும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஆனால் அதைப் பெறுபவர்களின் தொகை சுருங்குகிறது. ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்ப ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவு என்று இன்னொரு கல்லூரியே உள்ளே வளர்ந்துவிட்டது. அங்கே சம்பளத்தை நிர்வாகம்தான் தீர்மானிக்கிறது. அரசுக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானோர் கௌரவ விரிவுரையாளர். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 வரை என்று சொன்னது. நம் மாநிலத்தில் அதில் பாதிகூட நெடுநாள் எட்டவில்லை. ஆண்டில் பதினோரு மாதம்தான் சம்பளம். கோடை மாதம் வெறும் மாதம். நெட், பி.எச்டி. எல்லாம் முடித்த நாற்பது வயதுக்காரர்கள் அவர்கள்.

நிரந்தரம் ஆக்குங்கள் என்று கேட்டால், 2006 ஏப்ரல் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உமாதேவி வழக்கில் சொன்ன தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். எத்தனை ஆண்டு தற்காலிகமாக வேலை பார்த்தாலும் அதனாலேயே நிரந்தர உரிமை வந்துவிடாது என்பது அதில் உள்ளது. முறைப்படி தேர்வு வைத்து ஆள் எடு என்பதும் அந்தத் தீர்ப்பின் நோக்கம்தான். முதல் பாதியை எல்லாரும் சொல்கிறார்கள்.

என் அலுவலக அனுபவத்திலிருந்து இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். நியமன ஆணை, பணியில் சேர்ந்த அறிக்கை, விடுவிப்பு ஆணை, கால அட்டவணை, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பக்கம்: எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். வாய் வார்த்தையாக வந்த உத்தரவைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுபதுகளில் வழக்கில் வென்றவர்கள் பலரும் காகிதத்தைக் காப்பாற்றி வைத்தவர்கள்தான்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் அந்தக் காலத்தில் வகுப்பெடுத்தவர்கள். பீரோவில் பழைய விடுவிப்பு ஆணை, ஜூன் மாதத்து அழைப்புக் கார்டு, மூட்டா சந்தா ரசீது ஏதாவது இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். பேரப் பிள்ளைகள் கையில் கொடுத்து, இது என்ன தெரியுமா என்று கேளுங்கள். அவர்களில் ஒருத்தராவது இன்று எங்காவது ஒரு கல்லூரியில் பதினோரு மாதச் சம்பளத்தில் இருப்பார்.